இடவப்பாதிக்கு முன், தோழர்களே!

மழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் கொச்சியில் செடி வாங்காத வீடு இருக்காது. ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள் வரும். பள்ளிகளில் கன்று கொடுப்பார்கள், குடியிருப்போர் சங்கங்கள் சாலையோரத்தில் குழி வெட்டும், மொட்டைமாடித் தொட்டிகளில் மண் மாற்றுவார்கள். பிராட்வே கடைத்தெருவில் குடையும் மழைக்கோட்டும் குவிகிற அதே நாட்களில் நர்சரிக்காரர்களுக்கும் வருடத்தின் பெரிய வியாபாரம் நடக்கும். அந்த வியாபாரம் சூடுபிடிக்கும் முன் நாம் ஒரு முடிவெடுத்தாக வேண்டும். அதற்காகத்தான் இந்த அழைப்பு.

பிராட்வேயிலும் எர்ணாகுளம் மார்க்கெட்டிலும் கடை வைத்திருப்பவர்களை, அந்தக் கடைகளில் நிற்பவர்களை, மூட்டை இறக்குபவர்களை, பூக்கட்டி விற்பவர்களை அழைக்கிறேன். படகேறி அக்கரை போனால் மட்டாஞ்சேரிச் சந்துகளில் தலைமுறைகளாக வாழ்கிற நம் தமிழ்க் குடும்பங்களை அழைக்கிறேன். ஃபோர்ட் கொச்சி டோபிகானாவில் துணி வெளுப்பவர்களை, பெரிய வீடுகளின் தோட்டத்தில் கூலிக்குச் செடி நடுகிறவர்களை, அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் நாலு தொட்டி வைத்துக் காலையில் தண்ணீர் ஊற்றுகிற ஒவ்வொருவரையும் அழைக்கிறேன்.

இந்த ஊரின் நீரையும் நிலத்தையும் மூச்சுமுட்ட வைக்கிற களைகளில் பல, அழகுக்கென்று கொண்டுவரப்பட்டவை. அவற்றின் நெருங்கிய சொந்தங்கள், சில சமயம் அவையே, இன்றும் தொட்டியில் விலைக்குக் கிடைக்கின்றன. காட்டுக்கும் கால்வாய்க்கும் போன பிறகு அவற்றைத் துரத்த எந்த அரசாலும் எளிதில் முடிவதில்லை. கடைவாசலில் நிறுத்த முடியும். கடைவாசலில் நிற்பவர்கள் நாம்தான்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். மழை வலுத்ததும் வேம்பநாட்டுக் காயலின் தென்பகுதியிலிருந்து ஆகாயத்தாமரை தீவு தீவாக மிதந்து கொச்சிக்கு வருகிறது. இங்கே அதற்குப் போள என்று பெயர். படகின் விசிறியில் சுற்றிக்கொள்கிறது, துறையில் படகை அணைய விடுவதில்லை. ஃபோர்ட் கொச்சியில் சீன வலையை இழுப்பவர்களைக் கேளுங்கள். கல் கட்டிய கயிற்றை நாலைந்து பேர் சேர்ந்து இழுத்து வலையைத் தூக்கினால் மீனுக்கு முன்னால் போள வருகிறது, கூடவே பிளாஸ்டிக் வருகிறது. அதைப் பிடுங்கி எறிவதிலேயே அவர்களுடைய ஏற்றநீர் நேரம் போய்விடுகிறது. உப்பு பட்டால் இந்தச் செடி சாகும். ஆனால் குட்டநாட்டு நெல்லுக்குக் கடல்நீர் ஏறக்கூடாது என்று 1976 முதல் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் மதகுகளைக் கோடையில் மாதக்கணக்கில் அடைக்கிறோம். மதகுக்குத் தெற்கே உப்பு எட்டாத நீரில் அது செழித்துக் காத்திருக்கிறது. மதகு திறந்து மழை வந்ததும் இறங்குகிறது.

அமேசான் படுகையில் பிறந்த இந்தச் செடியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது அதன் ஊதாப் பூ. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்தில் குளத்துக்கு அலங்காரமாக வளர்த்தார்கள். 1936-இல் அதே வங்காளம் அதை ஒழிக்கத் தனிச்சட்டம் போட்டது. இலங்கை அதற்கும் முந்திக்கொண்டது. அங்கே 1909-லேயே ஆகாயத்தாமரைக்கு எதிராகச் சட்டம் வந்தது. நூறு வருடத்துக்கும் மேலாகத் தெரிந்த ஆபத்து இது, தோழர்களே. இன்றும் ஏதாவது ஓர் ஊர் நர்சரியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி இதே செடியை மிதக்கவிட்டு விலை சொல்கிறார்கள்.

அதன் பக்கத்தில் இன்னொரு தொட்டி இருக்கலாம். நீளமான இலை, குச்சியாக நிமிர்ந்த நீலப் பூக்கதிர். நீர்த்தோட்டம் வைப்பவர்கள் விரும்பி வாங்கும் பொன்டெடேரியா கார்டேட்டா அது. ஆகாயத்தாமரையும் அதுவும் ஒரே பேரினம் என்று 2018-இல் தாவரவியலார் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் இது ஏற்கெனவே தடைப்பட்டியலில் இருக்கிறது. "இங்கே இது எங்கும் பரவவில்லையே" என்று விற்பவர் சொல்லலாம். ஆகாயத்தாமரையும் ஒரு காலத்தில் எங்கும் பரவாமல்தான் இருந்தது.

செடியின் சொந்தக்காரர் யார் என்று விசாரிப்பது வீண் பயமில்லை. புதிய செடி ஒன்றை நாட்டுக்குள் விடலாமா என்று தீர்மானிக்க ஆஸ்திரேலியா 1997 முதல் ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறது. 49 கேள்விகள். இந்தச் செடி வேறு நாட்டில் களையாகியிருக்கிறதா என்பது அதில் ஒன்று. இதே பேரினத்தில் வேறு ஏதாவது களையாகியிருக்கிறதா என்பது இன்னொன்று. ஒரு பேரினத்தில் ஒன்று ஊரை விழுங்கியிருந்தால் மற்றதைச் சந்தேகத்தோடு பார் என்கிறார்கள். ஒரு நாட்டின் எல்லையில் கேட்கிற இந்தக் கேள்வியை பிராட்வேயில் ஒரு கடைவாசலில் நாமும் கேட்கலாம். அதற்குப் பட்டம் தேவையில்லை.

இப்போது தரைக்கு வாருங்கள். சாலை நடுவிலும் பங்களா வாசலிலும் புல்லுக்குப் பதிலாகப் படரவிடுகிற மஞ்சள்பூச் செடியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பளபளக்கும் தடித்த இலை, மூன்றாகப் பிளந்த நுனி, வருடம் முழுக்கப் பூ. நர்சரியில் வெடேலியா என்பார்கள், சிலர் சிங்கப்பூர் டெய்சி என்பார்கள். பிறந்தது சிங்கப்பூரில் இல்லை, வெப்ப அமெரிக்காவில். உலகின் மிகமோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இதற்கு இடம் உண்டு. ஒரு கொடியை மெல்லத் தூக்கிப் பாருங்கள். தண்டில் கணுவுக்குக் கணு வெள்ளை வேர் இறங்கியிருக்கும். இழுத்தால் கணுவில் அறும், அறுந்த துண்டு அங்கேயே பிழைக்கும். பிடுங்கியவர் அதை ஓடையில் எறிந்தால் ஓடை எங்கே போகிறதோ அங்கே போய் வேர்விடும். எர்ணாகுளத்து ஓடைகள் எல்லாம் கால்வாய்க்குத்தான் போகின்றன.

இந்தச் செடியின் சொந்தக்காரர் யார் தெரியுமா? நம் மஞ்சள் கரிசலாங்கண்ணி. கீரையாகவும் மருந்தாகவும் நம் வீட்டுப் பெரியவர்கள் போற்றிய மூலிகை. இரண்டுக்கும் ஒரே பேரினம். நம்முடையது ஒடுங்கிய இலையும் சிறிய பூவுமாக ஈரமான வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் அடக்கமாக வளரும். வந்தது அதே ஈரத்தைத் தேடி அதே வரப்பில் பாயாக விரிந்து மூடிவிடும். இடத்தைப் பிடுங்குவதோடு அது நிற்பதில்லை. தென்சீனத்தில் இந்த இரண்டும் கலந்து பிறந்த கலப்புச் செடிகளை ஆய்வாளர்கள் காட்டில் கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். இந்தக் கலப்பு தொடர்ந்தால் உள்ளூர்ச் செடி வெட்டப்படாமலே, பிடுங்கப்படாமலே, தன் இனத்தின் தன்மையை இழந்துவிடும். சொந்தம் என்பதால்தான் இந்த ஆபத்து. சொந்தமில்லாத செடி இடத்தை மட்டும்தான் பறிக்கும்.

இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. மஞ்சள் கரிசலாங்கண்ணியைத் தேடி நாட்டுமருந்துக் கடைக்குப் போய்ப் பணம் கொடுத்துப் பொடி வாங்குகிறோம். அதன் இடத்தைப் பிடுங்குகிற செடியையும் பணம் கொடுத்தே வாங்கி வாசலில் வைக்கிறோம். மஞ்சள்பூ என்று பார்த்துக் கீரைக்கு அதையே பறிப்பவர்களும் உண்டு. தோழர்களே, தெரியாத மஞ்சள்பூவைச் சட்டியில் போடாதீர்கள். முதலில் இலையைப் பாருங்கள்.

"இது விதை வைக்காது சார், தைரியமாக வாங்குங்கள்." இந்தப் பேச்சை எல்லோரும் கேட்டிருப்போம். வெடேலியாவுக்குச் சொல்வார்கள், புதுரக உன்னிப்பூவுக்குச் சொல்வார்கள். இதற்கு ஒரே பதில் ஆப்பிரிக்கன் பாயல். சால்வீனியா மொலெஸ்டா என்கிற அந்த மிதக்கும் பெரணி ஒரு கலப்பினம். அதற்கு முளைக்கும் வித்து என்று எதுவுமே கிடையாது. முழுக்க முழுக்க மலடு. ஒடிந்த துண்டுகளாலேயே உலகத்தைச் சுற்றியது. ஆசியாவில் அது முதலில் கைநழுவியது இலங்கையில். 1939-இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறைக்குப் பாடத்துக்காக வந்த செடி வெளியே போய், நெல்வயலையும் நீர்நிலையையும் மூடியது. 1950-களில் திருவனந்தபுரத்து வேளிக் காயலில் தலைகாட்டி, பிறகு குட்டநாட்டு வாய்க்கால்களை அடைத்தது. படகு போகமுடியாமல், நாற்று நடமுடியாமல், வருடாவருடம் கூலிபோட்டு வாரிக் கரையேற்றினார்கள் விவசாயிகள். ஏற்ற சூழலில் அது இரட்டிப்பாக இரண்டு மூன்று நாள் போதும். விதையே இல்லாத செடி செய்த வேலை இது.

அதன் முடிவும் சொந்தம் தெரிந்துகொண்டதில்தான் வந்தது. நீண்ட காலம் விஞ்ஞானிகள் இதை இன்னொரு சால்வீனியா என்று தவறாக நினைத்திருந்தார்கள். அந்தச் சொந்தக்காரச் செடியைத் தின்னும் பூச்சிகளைத் தென்னமெரிக்காவிலிருந்து பிடித்துவந்து பல நாடுகளில் விட்டார்கள். பெரிய பயன் இல்லை. இது தனி இனம் என்று 1972-இல் பெயரிட்ட பிறகு, 1978-இல் தென்கிழக்குப் பிரேசிலில் அதன் பிறந்த ஊரைக் கண்டுபிடித்தார்கள். அங்கே அதைத் தின்கிற கருப்பு மூக்குவண்டு கிடைத்தது. 1980-இல் ஆஸ்திரேலியாவின் மூண்டரா ஏரியில் அந்த வண்டை விட்டார்கள், ஓராண்டு சொச்சத்தில் ஏரி தெளிந்தது. முன்பு விட்ட வண்டும் இந்த வண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் வெவ்வேறு இனம் என்பது அதன் பிறகே தெரிந்தது. மூண்டராவில் வென்ற அந்த வண்டுதான் 1980-களில் பெங்களூர் வழியாகக் கேரளம் வந்தது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தார் அதை வாய்க்கால்களில் விட்டார்கள். சில வருடங்களில் பாயல் அடங்கியது, குட்டநாடு மூச்சுவிட்டது.

ஒவ்வொரு களைக்கும் இப்படி ஒரு வண்டு கிடைத்துவிடும் என்று நம்பி உட்கார முடியாது. உன்னிச்செடிக்கு எத்தனையோ பூச்சிகளை முயன்றார்கள். 1940-களில் டேராடூனில் வளர்த்த ஒரு பூச்சி தேக்குப் பூவையும் தின்கிறது என்று தெரிந்ததும் வளர்ப்பையே அழித்துவிட்டார்கள். தேக்கும் உன்னியும் ஒரே குடும்பம் என்று எண்ணியிருந்த காலம் அது. களையைத் தின்னும் பூச்சி அதன் சொந்தக்காரச் செடியையும் தின்னுமா என்ற கேள்வியிலேயே இந்த வேலை வருடக்கணக்கில் நின்றுபோகும். களைக்குச் சொந்தமான தோட்டச் செடிகளை எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவுக்கு இந்த வழியையும் அடைக்கிறோம்.

உன்னிச்செடியின் கதை நம்மவர்களுக்குப் புதிதில்லை. நீலகிரியிலும் சத்தியமங்கலத்திலும் ஊர் உள்ளவர்கள் அதன் முள்ளைத் தெரிந்தவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அலங்காரச் செடியாக வந்தது. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் பல இனங்களைக் கலந்து கலந்து உருவாக்கிய செடி அது. 600-க்கும் மேற்பட்ட ரகங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆக, இந்தக் களையைப் படைத்தது காடு இல்லை, தோட்டம். இன்று இந்தியக் காடுகளில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் சதுர கி.மீ. அதன் கையில் இருப்பதாக 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. மாடு தின்றால் நோய்ப்படும், மான் தொடாது, புல் அதன் கீழ் முளைக்காது. கூடலூர்ப் பக்கம் ஆதிவாசித் தோழர்கள் அதே உன்னிக்குச்சியை வேகவைத்து வளைத்து யானை உருவங்கள் செய்தார்கள். அவை லண்டன் வரை போயின. அந்த உழைப்பை வணங்குகிறேன். ஆனால் எத்தனை யானை செய்தாலும் காட்டில் இருப்பது தீராது.

அதே உன்னியின் குட்டை ரகங்கள் மஞ்சளும் வெள்ளையுமாக நர்சரியில் நிற்கின்றன. ஊதாநிறத்தில் தொங்கவிடுகிற கொடி ரகம் அதன் அடுத்த சொந்தம், லான்டானா மான்டிவிடென்சிஸ். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் இரண்டையும் விற்பனைக்கு ஆகாதவை என்று ஒதுக்கிவிட்டது. தொட்டிச் செடி காய்க்காவிட்டாலும் அதன் மகரந்தம் பட்டாம்பூச்சியோடு வெளியே போகும், காட்டு உன்னியோடு கலக்கும். காய்த்துவிட்டாலோ சின்னானும் மைனாவும் வேலையை முடித்துவிடும்.

வெடிக்காய்ச் செடியை மறந்திருக்க மாட்டீர்கள். சின்ன வயதில் அதன் காய்ந்த காயை எச்சிலில் நனைத்தால் பட்டென்று வெடிக்கும், கையில் சுள்ளென்று படும். ரூயெல்லியா டியூபரோசா. அதன் சொந்தம் மெக்சிகன் பெட்டூனியா என்ற பெயரில், மெலிந்த இலையும் ஊதாப் பூவுமாகச் சாலைத் தடுப்புகளில் வரிசையாக நடப்படுகிறது. அதன் காயும் அதேபோல் வெடிக்கும், விதை நனைந்ததும் பசைபோல ஒட்டும். சட்டையில், காலில், நாயின் ரோமத்தில், வண்டிச் சக்கரத்தில் ஊர்வலம் போகும். ஃபுளோரிடாவில் அது ஏற்கெனவே களை.

மரத்திலும் இதே கதைதான். விஷுவுக்குக் கணிக்கொன்னை வைக்காத மலையாளி வீடு இல்லை, கொன்றையை அறியாத தமிழர் இல்லை. கேரளத்தின் மாநில மலர் அது. அதற்குச் சொந்தமான, அதைப்போலவே மஞ்சளாகப் பூக்கிற மரம் சென்னா ஸ்பெக்டாபிலிஸ், மலையாளத்தில் மஞ்சக்கொன்னை. அழகுக்கும் நிழலுக்குமாக 1980-களில் வயநாட்டில் சமூகக் காடு வளர்ப்பில் நட்டார்கள். இன்று 344 சதுர கி.மீ. பரப்புள்ள வயநாடு சரணாலயத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது பரவியிருப்பதாக ஆய்வு சொல்கிறது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பத்துக் கிளை விடும். பட்டையை அரைகுறையாக உரித்தாலும் பிழைத்துவிடும். முதுமலையிலும் அது புகுந்து, சென்னை உயர்நீதிமன்றம் வரை வழக்கு போய், இப்போது வேரோடு பிடுங்கித் தமிழ்நாடு காகித ஆலைக்குக் கூழுக்கு அனுப்புகிறார்கள். யானைக்கும் காட்டெருமைக்கும் தீனியில்லாத காடு என்ன செய்யும்? விலங்குகளை ஊருக்குள் தள்ளும். வயநாட்டு ஏழை விவசாயி அதன் விலையைக் கொடுக்கிறார். "கொன்றை" என்று சொல்லிக் கன்று நீட்டினால் காயைக் கேளுங்கள், தோழர்களே. நம் கொன்றையின் காய் முழநீளத்துக்கு உருண்டு கருத்த குழலாகத் தொங்கும். அதைக் கேட்டு உறுதி செய்யாமல் ஜூன் 5 அன்று ஒரு கன்றும் நடவேண்டாம்.

கொசுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மொட்டைமாடித் தொட்டியில் சின்ன முட்டைக்கோஸ் மாதிரி மிதக்கிற செடியை வாட்டர் லெட்டூஸ் என்று விற்கிறார்கள். அதுவும் ஆகாயத்தாமரையும் ஆப்பிரிக்கன் பாயலும் மான்சோனியா என்ற கொசுவுக்குத் தொட்டில். அந்தக் கொசுவின் புழு மற்றப் புழுக்களைப்போல மூச்சுவிட மேலே வருவதில்லை. நீருக்குள்ளேயே செடியின் வேரைத் துளைத்து அதிலுள்ள காற்றை உறிஞ்சி வாழும். செடி இல்லாவிட்டால் அது இல்லை. கொச்சிக்குத் தெற்கே சேர்த்தலையில் யானைக்கால் நோய் தலைமுறை தலைமுறையாக இருந்ததற்கு இந்தக் கொசுதான் காரணம். 1980-களில் அங்கே நோயை எதிர்த்தவர்கள் மருந்தோடு நிற்கவில்லை. குளங்களில் இறங்கிச் செடியை வாரினார்கள், வாரிய குளத்தில் மீன் வளர்க்கச் சொல்லி ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். நமக்கு முன்னால் இருக்கிற நல்ல முன்னுதாரணம் அது.

மீன்தொட்டிக்காரர்களும் கேளுங்கள். 2020-இல் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரைக்கு அருகே ஆவளப்பாண்டியில் வாய்க்கால் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்ததும் கேரளமே திரண்டுபோய்ப் படம் எடுத்தது. பூத்தது கபோம்பா, மீன்தொட்டிச் செடி. வந்தவர்களில் பலர் அழகு என்று அள்ளிக்கொண்டு போனார்கள். தொட்டித் தண்ணீரோடு அதை ஓடையில் கொட்டினால் ஒவ்வொரு துண்டும் தனிச்செடியாகும். எர்ணாகுளம் மார்க்கெட் கால்வாய் பிராட்வேக்குக் கூப்பிடு தூரம். கொட்டுகிற கை யோசிக்க வேண்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்த ஊரைக் கேட்டு நாம் எந்தச் செடியையும் வெறுக்கவில்லை. நாமே இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்களும் வந்தவர்களின் பிள்ளைகளும்தான். வெளியூர்க்காரன் என்ற சொல்லின் சூடு நமக்குத் தெரியும். மட்டாஞ்சேரி மண்டிகளில் மிளகோடு கொட்டிக்கிடக்கிற மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. முந்திரியும் அன்னாசியும் மரவள்ளியும் அப்படி வந்தவையே. கொச்சியில் டச்சுத் தளபதியாக இருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் வைத்தியரையும் மூன்று கொங்கணிப் பண்டிதர்களையும் துணைக்கொண்டு இந்த நாட்டுச் செடிகளைத் தொகுத்து 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சிட்ட ஹோர்ட்டுஸ் மலபாரிக்கஸ் 742 செடிகளைச் சொல்கிறது. கொன்றை அதன் முதல் தொகுதியிலேயே இருக்கிறது. முந்திரியும் அன்னாசியும்கூட அதில் உண்டு. வந்து மூன்று நான்கு நூற்றாண்டாகியும் அவை எந்தக் காயலையும் மூடவில்லை. பக்கத்தில் இருப்பவரை வாழவிடுகிறதா என்பதுதான் கேள்வி. 2023-இல் ஐ.நா. சார்ந்த பல்லுயிர் அறிவியல் குழு கொடுத்த அறிக்கையும் அதைத்தான் சொல்கிறது. மனிதர் இடம்பெயர்த்த உயிரினங்கள் 37,000-க்கும் மேல். அவற்றில் கேடு செய்பவை 3,500-க்குச் சற்று மேல். பத்தில் ஒன்றுதான். அந்தப் பத்தில் ஒன்றை அடையாளம் காணத்தான் சொந்தம் விசாரிக்கச் சொல்கிறேன்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தம், ஊடுருவும் அயல் உயிரினங்களின் இறக்குமதியையும் விற்பனையையும் வைத்திருப்பதையும் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. தமிழ்நாடு அரசு அதே ஆண்டு ஊடுருவும் தாவரங்களுக்கெனத் தனிக்கொள்கை வெளியிட்டது. வரவேற்கிறேன். ஆனால் காட்டில் பிடுங்கப் பணம் ஒதுக்குகிற வேகத்தில் நர்சரித் தொட்டியை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மேலே இருந்து உத்தரவு வரும்வரை மழை காத்திருக்காது.

ஆகவே செய்யவேண்டியதைச் சொல்கிறேன். செடி விற்கிற தோழர்களே, உங்கள் வயிற்றில் அடிக்க யாரும் வரவில்லை. வெடேலியா, உன்னி ரகங்கள், மெக்சிகன் பெட்டூனியா, ஆகாயத்தாமரை, வாட்டர் லெட்டூஸ், கபோம்பா, பொன்டெடேரியா, மஞ்சக்கொன்னை ஆகியவற்றுக்கு இந்த மழையில் ஆர்டர் கொடுக்காதீர்கள். அந்த இடத்தில் வெட்சியை வையுங்கள். மலையாளி அதைச் செத்தி என்று கோயிலுக்கு வாங்குவார், நம்மவர் இட்லிப்பூ என்று வாங்குவார். தரையில் படர மஞ்சள் கரிசலாங்கண்ணியும் வல்லாரையும் பொடுதலையும் இருக்கின்றன. மூலிகை என்று சொன்னால் வெடேலியாவைவிட நல்ல விலைக்குப் போகும். தொட்டித் தண்ணீரில் அல்லியும் நெய்தலும் பூக்கட்டும். கர்க்கடக மாதத்தில் தசபுஷ்ப மூலிகைகளைத் தேடி அலைகிற வீடுகளுக்கு விஷ்ணுகிராந்தியும் சிறுபீளையும் நிலப்பனையும் முயல்செவியும் தொட்டியில் வளர்த்துக் கொடுங்கள். அந்தச் சந்தை இன்னும் திறக்கப்படாமல் கிடக்கிறது.

தோட்டவேலைத் தோழர்களே, முதலாளி வெடேலியா கேட்டால் நட முடியாது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். உங்கள் பக்கம் நாங்கள் நிற்போம். ஏற்கெனவே இருப்பதை எடுக்கும்போது மண்வெட்டியால் கொத்திச் சிதறடிக்காதீர்கள். கையால் கொடியோடு சுருட்டியெடுத்து, சிமென்ட் தரையிலோ தகரத்திலோ போட்டு, ஒடித்தால் சடசடவென முறியும்வரை வெயிலில் காயவிடுங்கள். ஈரத்தோடு குப்பைக்குழியில் போட்டால் குழியிலேயே முளைக்கும். உன்னியை மேலே வெட்டிவிட்டுப் போகாதீர்கள். தண்டும் வேரும் சேரும் இடத்துக்கு இரண்டு விரற்கடை கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். திரும்பத் தளிர்க்காது. பூ காயாகும் முன் இதைச் செய்யவேண்டும். அதனால்தான் அவசரம்.

சுமை இறக்கும் தோழர்களே, வெளிமாநிலத்திலிருந்து செடி வரும் லாரிகளை முதலில் தொடுவது உங்கள் கைகள். என்ன வருகிறது என்று கண்வைத்துச் சொல்லுங்கள். டோபிகானாத் தோழர்களே, மட்டாஞ்சேரி வீட்டுப் பெண்களே, கல்வத்திக் கால்வாயின் கரையில் எது புதிதாக முளைக்கிறது என்பது உங்களுக்கு முன் எந்த அதிகாரிக்கும் தெரியாது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மஞ்சள் கரிசலாங்கண்ணி இலையையும் வெடேலியா இலையையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஒருமுறை பார்த்த பிள்ளை மறக்காது, பெரியவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கும்.

மலையாளித் தோழர்களோடு சேர்ந்துதான் இதைச் செய்ய முடியும். குடும்பஸ்ரீ அக்காமாரிடமும் குடியிருப்போர் சங்கத்திடமும் வார்டு கவுன்சிலரிடமும் போய்ப் பேசுங்கள். ஜூன் 5 அன்று வாங்கப்போகும் கன்றுகளின் பட்டியலை இப்போதே கேட்டு வாங்குங்கள். பட்டியலில் மேலே சொன்னவற்றில் ஒன்று இருந்தாலும் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை, கடைகள் அடைத்திருக்கும் நேரத்தில், மார்க்கெட் கால்வாய்க் கரையில் கூடுவோம். கையுறையும் பழைய சாக்கும் கொண்டுவாருங்கள். முடிந்தால் ஒரு தகரத் துண்டும் எடுத்து வாருங்கள், பிடுங்கியதைக் காயப்போட. வீட்டுத் தொட்டியில் சந்தேகமான செடி இருந்தால் வெளியே எறியாமல் தொட்டியோடு கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்த்துத் தீர்மானிப்போம். வரமுடியாதவர்கள் அவரவர் வாசலில் தொடங்குங்கள். மழை விழுவதற்கு முன் தொடங்குங்கள்.